டெம்ப் ஃபைல் அழிய மாட்டேன் என்கிறது. அழிந்ததும் மறுநாளே திரும்ப வந்துவிடுகிறது

அச்சுமேடை
மார்ச் 4, இரவு 9.42

வணக்கம் நண்பர்களே. சாத்தூரில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் டிசைன் எல்லாம் செய்கிறோம். கடையில் இரண்டு கணினி. சிக்கல் பழையதில். விண்டோஸ் 7, 4 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி. பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபாண்டுகளும் அதில்தான் ஒழுங்காக ஓடுகின்றன, அதனால் மாற்ற மனசில்லை. இரவிலும் அணைப்பதில்லை.

பத்து நாளாக சி டிரைவ் தானாக நிரம்புகிறது. சர்வீஸ் பார்க்கும் தம்பி டெம்ப், அதாவது தற்காலிக ஃபைல்களை அழிக்கும் ஒரு கிளீனர் போட்டுக் கொடுத்திருந்தார். அதை ஓட்டினால் ஐந்தாறு ஜிபி காலியாகும். மறுநாள் அதே நேரத்துக்குள் பழையபடி நிரம்பிவிடும். ஒவ்வொரு தடவையும் முடிவில் "22 ஃபைல்களை அழிக்க முடியவில்லை" என்று சிவப்பில் காட்டுகிறது. நானும் கையால் அழித்துப் பார்த்தேன். வேறு புரோகிராமில் திறந்திருக்கிறது என்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் அழிக்கிறேன்!

நேற்று ஒரு முகூர்த்தப் பத்திரிகை, 500 கார்டு. மாப்பிள்ளை வீட்டார் கடையில் உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபோட்டோஷாப்பில் ஸ்கிராட்ச் டிஸ்க் (அது தற்காலிகமாக எழுதும் இடம்) ஃபுல் என்று வந்து நின்றுவிட்டது. சேவ் ஆகவில்லை. இரண்டு மணி நேர வேலை போச்சு. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த 22 ஃபைலை எப்படியாவது ஒழித்துக்கட்ட வழி சொல்லுங்கள்.

புதுப்பாதை
மார்ச் 4, இரவு 10.05

வலுக்கட்டாயமாக அழிக்கும் அன்லாக்கர் வகை சாஃப்ட்வேர் நிறைய இருக்கிறது, ஒன்றை இறக்கிப் போடுங்கள். ரைட் கிளிக் செய்து அன்லாக், அப்புறம் டெலீட். முடிந்தது. கூடவே விண்டோஸின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியையும் சுத்தம் செய்யுங்கள். ஒரு கிளீனர் விட்டதை இன்னொன்று பிடிக்கும், அதனால் நான் இரண்டு கிளீனர் வைத்திருக்கிறேன்.

பழைய மதர்போர்டு
மார்ச் 4, இரவு 10.51

அச்சுமேடை, தயவுசெய்து எதையும் இறக்க வேண்டாம். ஒரு நாள் பொறுங்கள்.

நீங்கள் சொல்வதில் இரண்டு சங்கதி இருக்கிறது. 22 ஃபைல் அழிய மறுப்பது ஒன்று. தினமும் ஐந்தாறு ஜிபி திரும்ப வருவது இன்னொன்று. அழியாமல் நிற்பவை எல்லாம் சேர்ந்தே சில எம்பிதான் இருக்கும் என்பது என் ஊகம். டிஸ்க்கைத் தின்பது அழிந்துபோய்த் திரும்ப வருகிற கூட்டம். எது எது என்று பெயரோடு தெரியாமல் கை வைக்கக் கூடாது.

டெம்ப் ஃபோல்டர் இரண்டு உண்டு. ஒன்று உங்கள் யூசருக்கு உரியது. விண்டோஸ் சாவியோடு R அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் டெம்ப் என்ற சொல்லை இரண்டு பக்கமும் % குறி போட்டு ஆங்கிலத்தில் அடித்தால் திறக்கும். மற்றது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற டெம்ப். இரண்டையும் திறந்து அளவு வாரியாக அடுக்குங்கள். மேலே நிற்கும் பத்து ஃபைலின் பெயரும், அவை உருவான நேரமும் வேண்டும். அப்புறம் கிளீனரை மூன்று தடவை ஓட்டி, மூன்று தடவையும் அழியாத 22 பெயர்களைக் காகிதத்தில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான், தெரியும். செய்யுங்கள்.

புதுப்பாதை தம்பி, இரண்டு கிளீனர் யோசனையை விட்டுவிடுங்கள். எந்தக் கிளீனரும் கடைசியில் விண்டோஸிடம்தான் "இதை அழி" என்று கேட்கிறது. விண்டோஸ் முடியாது என்றால் பத்துக் கிளீனர் வைத்தாலும் பதில் அதேதான். ரெஜிஸ்ட்ரியைத் துடைப்பதால் டிஸ்க்கில் இடம் வராது. கண்ட தளத்தில் சாஃப்ட்வேர் இறக்குவதில் என்ன ஆபத்து என்று கேட்டால் நான் 2017-ஐச் சொல்வேன். சிசிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் 5.33 பதிப்புக்குள் யாரோ தீய நிரலைச் சொருகிவிட்டார்கள். அதுவும் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறங்கியது. 22 லட்சத்துக்கும் மேலான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெயர் பெற்ற ஒன்றுக்கே அந்த நிலை என்றால், பெயரே தெரியாத அன்லாக்கரை முழு அட்மின் உரிமையோடு கடைக் கணினியில் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தென்காசிச் சாரல்
மார்ச் 5, காலை 7.20

ஒரு சின்ன விஷயம். விண்டோஸ் 8, 10, 11 வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட் கொடுப்பதும் ஒன்று இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுனில் விண்டோஸின் உட்பகுதி டிஸ்க்கில் உறங்கப் போகிறது, அவ்வளவுதான். மறுநாள் அதே நிலையில் எழுந்து வரும். "அடுத்த தடவை கணினி தொடங்கும்போது அழிக்கிறேன்" என்று கிளீனர் சொன்ன ஃபைல் அழிய வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாதக்கணக்கில் ஷட் டவுன் மட்டும் செய்துகொண்டிருந்தார். அந்த அழிக்கும் பட்டியல் அப்படியே காத்துக் கிடந்தது.

அச்சுமேடை
மார்ச் 5, மதியம் 1.37

மதர்போர்டு அண்ணே, செய்துவிட்டேன். காலையில் கூட்டம் குறைவு.

யூசர் டெம்ப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. விண்டோஸ் டெம்ப்பைத் திறந்ததும் பதறிவிட்டேன். கேப் என்று தொடங்கும் பெயர்கள், நடுவில் ஒரு எண், கடைசியில் 1, 2, 3 என்று வரிசை. 47 ஃபைல். ஒவ்வொன்றும் 105 எம்பியிலிருந்து 118 எம்பி வரை. உருவான நேரத்தைப் பார்த்தால் ராத்திரி 2.10, 2.41, 3.11, 3.42... கிட்டத்தட்ட அரை மணிக்கு ஒன்று. கடையில் ஆளே இல்லாத நேரத்தில்!

கிளீனரை மூன்று தடவை ஓட்டினேன். காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். 21 பெயர் மூன்றிலும் ஒன்றே. ஒரே ஒரு பெயர் மட்டும் மாறுகிறது. அதுவும் இந்தக் கேப் ஜாதிதான். முதலில் 2 என்று முடிந்தது, அடுத்து 3, அடுத்து 4.

21-இல் சில: எஃப்எக்ஸ்எஸ் என்று தொடங்கி டீபக் லாக் என்று வரும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் (0 பைட்), ~டிஎஃப் என்று தொடங்குபவை ஆறு, ஆன்டிவைரஸ் பெயரில் நாலு, மற்றது பிரவுசர்.

பழைய மதர்போர்டு
மார்ச் 5, மதியம் 2.15

காகிதத்தில் எழுதியதற்கு நன்றி. விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் அந்த 21. அவற்றை மறந்துவிடுங்கள். எஃப்எக்ஸ்எஸ் ஃபைல் விண்டோஸின் ஃபேக்ஸ் வசதிக்கு உரியது. எக்ஸ்ப்ளோரர் அதைத் திறந்தே வைத்திருக்கும். அழித்தாலும் அடுத்த லாகின்னில் வரும். 0 பைட், யாருக்கும் தொந்தரவு இல்லை. ~டிஎஃப் என்பவை ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கைக்குறிப்புத் தாள் மாதிரி. புரோகிராம் முறையாக மூடினால் தானே போய்விடும்.

ஒரு புரோகிராம் ஒரு ஃபைலைத் திறக்கும்போதே, "நான் வைத்திருக்கும்வரை மற்றவர் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா" என்று விண்டோஸிடம் சொல்லிவிடும். அழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் நீங்கள் அட்மினாக இருந்தாலும் அழிக்க முடியாது. உரிமை இல்லாததால் வரும் மறுப்பு வேறு, கையில் இருப்பதால் வரும் மறுப்பு வேறு. இங்கே எல்லாமே இரண்டாவது வகை.

நமக்கு வேண்டியது அந்த மாறுகிற ஒன்று. அது இந்த நிமிடம் யாரோ எழுதிக்கொண்டிருக்கிற ஃபைல். எழுதுவது யார் என்று பிடித்தால் கதை தெரிந்துவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ரிசோர்ஸ் மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள். அதில் சிபியு பக்கம் போனால் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்று ஒரு பகுதி, பக்கத்தில் தேடும் பெட்டி. கேப் ஃபைலின் பெயரை அதில் அடியுங்கள். கையில் வைத்திருக்கும் புரோகிராமின் பெயர் வரும். எதையும் எண்ட் செய்ய வேண்டாம், பெயரை மட்டும் சொல்லுங்கள்.

அச்சுமேடை
மார்ச் 5, மதியம் 3.02

மேக்கேப் என்று வந்தது. அப்படி எதையும் நான் போடவே இல்லையே அண்ணே. வைரஸா?

பழைய மதர்போர்டு
மார்ச் 5, மதியம் 3.40

டாஸ்க் மேனேஜரின் பிராசஸஸ் பக்கத்தில் அந்தப் பெயரை ரைட் கிளிக் செய்து ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸுக்குள் சிஸ்டம்32-இல் இருந்தால் விண்டோஸின் சொந்தப் பிள்ளைதான். வேறு எங்காவது இருந்தால் உடனே சொல்லுங்கள்.

சிஸ்டம்32 என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கோலத்தை விண்டோஸ் 7-இலும் சர்வர் 2008 ஆர்2-விலும் பல தடவை பார்த்துவிட்டேன்.

விண்டோஸ் தன் அப்டேட்களைப் போடும்போதும் சரிபார்க்கும்போதும் ஒரு நாட்குறிப்பு (லாக்) எழுதும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ், அங்கே இருக்கிறது. எழுதுவது விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் என்ற, பின்னணியில் ஓடும் சர்வீஸ், டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்பதும் அதுதான். நாட்குறிப்பு பருத்ததும் அதை சிபிஎஸ்பெர்சிஸ்ட் என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தொடங்கும். ஓரம் வைத்ததைச் சுருக்கிக் கட்டுவதற்குத்தான் மேக்கேப்பைக் கூப்பிடுகிறது. கட்டி முடித்ததும் பழையதை அழித்துவிடும். நல்ல ஏற்பாடு.

ஆனால் மேக்கேப்புக்கு 2 ஜிபி என்ற எல்லை உண்டு. அதற்கு மேல் பெரிய ஃபைலை அதனால் கட்ட முடியாது. எப்போதோ ஒரு அப்டேட் தகராறில் அந்த நாட்குறிப்பு 2 ஜிபியைத் தாண்டி ஊதியிருக்கும். மேக்கேப் விண்டோஸ் டெம்ப்பில் ஒரு கேப் ஃபைலைத் தொடங்கி, சுருக்கிச் சுருக்கி எழுதி, எல்லையில் முட்டித் தோற்றுப்போகிறது. அரைகுறையாகக் கட்டிய நூற்றுச் சொச்சம் எம்பி அங்கேயே கிடக்கிறது. அந்தச் சர்வீஸுக்குத் தோற்றதைப் பற்றிய நினைவு இல்லை. கட்ட வேண்டியது இன்னும் இருக்கிறதே என்று மறுபடி கூப்பிடுகிறது. மறுபடி ஒரு நூறு எம்பி. உங்கள் ராத்திரி 2.10, 2.41, 3.11 எல்லாம் இதுதான்.

கிளீனர் குப்பையை அள்ளியது, ஆனால் குப்பை போடுகிற இடம் அதற்குத் தெரியாது. லாக்ஸ் ஃபோல்டரை அது தொடவே இல்லை.

செய்ய வேண்டியது: சர்வீசஸ் பட்டியலில் முதலில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துங்கள், அப்புறம் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரை நிறுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மேக்கேப் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். சிபிஎஸ் ஃபோல்டருக்குள் உள்ள லாக் ஃபைல்களை வேறு டிரைவுக்கு நகர்த்துங்கள். உடனே அழிக்க வேண்டாம், ஒரு வாரம் இருக்கட்டும். ஃபோல்டரை அழிக்காதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும். பிறகு விண்டோஸ் டெம்ப்பில் கேப் என்று தொடங்குபவற்றை அழித்துவிட்டு ரீஸ்டார்ட்.

புதுப்பாதை
மார்ச் 5, மாலை 4.18

அருமையான விளக்கம் அண்ணா, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் ஹேண்டிலை மூடும் வசதி இருக்கிறதே. மைக்ரோசாஃப்ட்டே தரும் கருவிதானே அது. பூட்டியிருக்கும் ஃபைலுக்கு அதைப் பயன்படுத்தலாமா?

பழைய மதர்போர்டு
மார்ச் 5, மாலை 5.00

தேடுவதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. மார்க் ருசினோவிச் எழுதியது. அவர் நடத்திய சிஸ்இன்டர்னல்ஸை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கண்ட்ரோல்+எஃப் அடித்துப் பெயரைக் கொடுத்தால் யார் கையில் இருக்கிறது என்று காட்டும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹேண்டில் என்பது புரோகிராமிடம் இருக்கும் ஒரு டோக்கன் எண். நீங்கள் வெளியிலிருந்து பிடுங்கியது அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. காலியான அதே எண்ணை விண்டோஸ் அதே புரோகிராமுக்கு அடுத்துத் திறக்கும் வேறொரு ஃபைலுக்குக் கொடுத்துவிடலாம். புரோகிராம் பழைய நினைப்பில் அந்த எண்ணில் எழுதும். டெம்ப்புக்குப் போக வேண்டியது கணக்கு ஃபைலின் நடுவில் போய் விழும். என் வாடிக்கையாளர் ஒருவரின் கணக்குத் தரவு இப்படிக் கெட்டுப்போய், ஒரு வார பில்களைத் திரும்ப ஏற்றினோம். வைத்திருக்கும் புரோகிராமை முறையாக மூடுங்கள், இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் நிலை) போய் அழித்துவிடுங்கள்.

அச்சுமேடை
மார்ச் 5, இரவு 9.15

சிஸ்டம்32-இல்தான் இருக்கிறது. சிபிஎஸ் ஃபோல்டரைத் திறந்தேன். நீங்கள் சொன்ன அதே பெயர், 2.34 ஜிபி. உங்களுக்கு என் கணினி கண்ணில் தெரிகிறதா என்று தோன்றியது.

ஒரு இடத்தில் மாட்டினேன். மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டு லாக்கை நகர்த்தினால் மறுபடியும் "திறந்திருக்கிறது". பார்த்தால் சர்வீஸ் தானாகத் திரும்ப ஓடுகிறது. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்த மறந்திருந்தேன், அதுதான் எழுப்பியிருக்கிறது. நீங்கள் சொன்ன வரிசையில் செய்ததும் சட்டென்று நகர்ந்துவிட்டது. கேப் ஃபைல் அத்தனையும் ஒரே டெலீட்டில் போயின. ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

வெண்பா
மார்ச் 6, காலை 11.08

எனக்கும் டெம்ப் தொந்தரவுதான், ஆனால் தலைகீழ். பில் போடும் சாஃப்ட்வேர் "தற்காலிக ஃபைல் உருவாக்க முடியவில்லை" என்கிறது. டிஸ்க்கில் 200 ஜிபி காலி. டெம்ப் ஃபோல்டரைத் திறந்தால் நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸின் டிஸ்க் கிளீனப் ஓட்டியும் பெரிதாகக் குறையவில்லை. உள்ளே எல்லாம் டிஎம்பி என்று தொடங்கும் 0 பைட் ஃபைல்கள். 0 பைட் என்றால் பரவாயில்லை என்று மேலே படித்ததால் விட்டுவிடலாமா சார்?

பழைய மதர்போர்டு
மார்ச் 6, காலை 11.45

ஒன்றிரண்டு இருந்தால் விடலாம். உங்களுடையது வேறு. விடவே கூடாது.

புரோகிராம்கள் விண்டோஸிடம் "ஒரு தற்காலிகப் பெயர் கொடு" என்று கேட்கும் வழி ஒன்று உண்டு. முன்னால் மூன்று எழுத்துவரை, பின்னால் நாலு இலக்க ஹெக்ஸ் எண் (0 முதல் 9, A முதல் F வரை). ஆக ஒரு முன்னெழுத்துக்கு மொத்தம் 65,535 பெயர்தான். உங்கள் சாஃப்ட்வேர் வாங்கிய பெயரைத் திருப்பித் தராமல் வருடக்கணக்கில் சேர்த்திருக்கிறது. பெயர் தீர்ந்துவிட்டது. 200 ஜிபி காலியாக இருந்தாலும் கொடுக்கப் பெயர் இல்லை.

டிஸ்க் கிளீனப் ஒரு வாரத்துக்குள் தொட்ட ஃபைலை விட்டுவிடும், ஆன்டிவைரஸ் மாதிரி ஏதாவது பழையதைத் தொட்டிருந்தாலும் அது ஏமாறும். எக்ஸ்ப்ளோரரில் செலக்ட் ஆல் கொடுக்காதீர்கள், திணறிவிடும். பில் சாஃப்ட்வேரை மூடிவிட்டு கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்த ஃபோல்டருக்குள் போய் டெல் கட்டளையில் அந்த மூன்றெழுத்தும் நட்சத்திரக் குறியும் கொடுங்கள். அழிக்க முடியாத ஓரிரண்டைத் தாண்டி மற்றதை அழித்துக்கொண்டே போகும்.

யாழ் கரை
மார்ச் 6, இரவு 8.30

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து. மகள் பல்கலைக்கழகத்தில் லினக்ஸ் கணினியில் செய்த வேலையைப் பென் டிரைவில் கொண்டுவந்தவள். அதில் ஒரு ஃபோல்டர் மட்டும் அழிபடாது. திறந்திருக்கிறது என்றும் வரவில்லை, அனுமதி இல்லை என்றும் வரவில்லை. "இந்த இடத்தில் அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லுது. கண் முன்னாலே கிடக்குது!

தென்காசிச் சாரல்
மார்ச் 6, இரவு 9.04

அய்யா, அந்தப் பெயரின் கடைசியில் ஒரு புள்ளியோ இடைவெளியோ இருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் அது தகும். விண்டோஸ் பெயரைப் படிக்கும்போது கடைசிப் புள்ளியை உதிர்த்துவிட்டுத் தேடும், உதிர்ந்த பெயரில் எதுவும் இல்லையே, அதனால்தான் இல்லை என்கிறது. செவன்ஜிப் வைத்திருந்தால் அதன் ஃபைல் மேனேஜரில் போய்ப் பெயரை மாற்றுங்கள், பிறகு சாதாரணமாக அழியும். பாதை 260 எழுத்தைத் தாண்டி அழியாமல் நிற்கும் ஃபோல்டர்களுக்கும் இதே வழி உதவும்.

யாழ் கரை
மார்ச் 6, இரவு 9.31

புள்ளிதான். பெயரை மாத்தினதும் போயிட்டுது. மெத்தப் பெரிய நன்றி தம்பி.

அச்சுமேடை
மார்ச் 8, இரவு 10.20

மூன்று நாளாக ஒரு கேப் ஃபைல்கூட வரவில்லை. 5-ஆம் தேதி இரவு சி டிரைவில் 31.2 ஜிபி காலி. இன்று இரவு 31.0. ஃபோட்டோஷாப் நடுவில் நிற்கவே இல்லை. அந்தக் கல்யாண வீட்டுப் பத்திரிகையை நேற்று திரும்பச் செய்து கொடுத்துவிட்டேன், கார்டுக்கு மட்டும் காசு வாங்கினேன்.

இன்று மாலை கிளீனரை ஓட்டினேன். 14 ஃபைல்களை அழிக்க முடியவில்லை என்று அதே சிவப்பு. பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். எஃப்எக்ஸ்எஸ் இருக்கிறது, ~டிஎஃப் மூன்று இருக்கிறது, மற்றது பிரவுசரும் ஆன்டிவைரஸும். மூடிவிட்டேன்.

சர்வீஸ் தம்பியிடம் இந்த இழையைக் காட்டினேன். பக்கத்துத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையிலும் இதே மாதிரி தினமும் நிரம்புவதாகவும், ஹார்ட் டிஸ்க்கை மாற்றச் சொல்லியிருந்ததாகவும் சொன்னார். நாளைக் காலை இருவரும் அங்கே போகிறோம். மதர்போர்டு அண்ணே, அங்கே இருப்பது விண்டோஸ் 10. லாக் ஃபோல்டர் அதே இடத்தில்தானே?

பழைய மதர்போர்டு
மார்ச் 8, இரவு 10.48

அதே இடம்தான். ஆனால் அங்கேயும் இதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். முதலில் அளவு வாரியாக அடுக்கி, பெயரையும் நேரத்தையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.